பல் போன குழியும் பருப்பு சாதமும்

ஞானப்பல்லை எடுத்து முடித்ததும் பல் மருத்துவர் அந்த இடத்தில் பஞ்சை மடித்து வைத்து, "நல்லா அழுத்திக் கடிச்சுக்குங்க, ஒரு மணி நேரம் எடுக்கக் கூடாது" என்பார். கையில் ஒரு தாளும் கொடுப்பார். சூடு கூடாது, காரம் கூடாது, ஸ்ட்ரா கூடாது, துப்பக் கூடாது, இன்று முழுக்கக் கொப்பளிக்கக் கூடாது, புகை கூடவே கூடாது. வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு பட்டியல் தயாராக இருக்கும். பருப்பு வேண்டாம், சீழ் பிடிக்கும். கத்தரிக்காய் வேண்டாம், அரிக்கும். தயிர் வேண்டாம், குளிர்ச்சி. இரண்டு பட்டியலையும் சேர்த்துக் கடைப்பிடித்தால் மிஞ்சுவது கஞ்சித் தண்ணீர்தான். பலர் அதைத்தான் ஒரு வாரம் குடித்துவிட்டு, "பல்லு எடுத்ததுல உடம்பே போச்சு" என்கிறார்கள். உடம்பு போனது பல்லால் அல்ல, பட்டினியால்.

மருத்துவரின் தாளில் உள்ள தடைகள் பார்வைக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஒரே பொருளைக் காப்பதற்காகச் சொல்லப்பட்டவை: பற்குழிக்குள் உறைந்து நிற்கும் ரத்தக்கட்டி. அது என்ன, எப்படி உருவாகிறது, எதனால் கெடுகிறது என்று தெரிந்துகொண்டால் தாள் தொலைந்தாலும் சமாளித்துவிடலாம்.

கீழ்க் கடைவாயில் பல் எடுத்த குழி, வாய்ப்பக்கம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதன் சுவர் எலும்பு. பல்லை எலும்போடு பிடித்துவைத்திருந்த நார்த்திசு கிழியும்போது அதிலிருந்த நுண்ணிய ரத்தக்குழாய்களும் அறுபடுகின்றன. ரத்தத்தட்டுகள் ஓடிவந்து அறுபட்ட வாய்களில் ஒட்டி முதல் அடைப்பைப் போடுகின்றன. அடுத்து, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை த்ராம்பின் என்ற நொதி வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து ஃபைப்ரின் இழைகளாகின்றன. அந்த இழைகளில் சிவப்பணுக்கள் சிக்கிக்கொள்ள, குழி நிறையக் கருஞ்சிவப்பில் ஒரு கட்டி உருவாகிறது. பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்வது இந்த வேலை முடியும்வரை குழாய்களை அழுத்திப் பிடிப்பதற்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பஞ்சை எடுத்துக் கண்ணாடியில் பார்ப்பவர்கள், அப்போதுதான் பின்னிய இழைகளைப் பஞ்சோடு சேர்த்துப் பிய்த்துவிடுகிறார்கள்.

ரத்தத்தை நிறுத்துவதோடு கட்டியின் வேலை முடிவதில்லை. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல, புதுத் திசு ஏறிவருவதற்கு அதுதான் பிடிமானம். முதல் ஒரு வாரத்தில் ஃபைப்ரின் இழைகளைப் பற்றிக்கொண்டு புது ரத்தக்குழாய்களும் நார்செல்களும் குழிக்குள் நுழைகின்றன. மேலே ஈறு மூடுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அடியில் எலும்பு நிரம்புவதற்குச் சில மாதங்கள். நாம் கவலைப்பட வேண்டியது முதல் வாரத்துக்கு. அதிலும் முதல் மூன்று நான்கு நாட்களுக்கு.

கட்டி கெட்டுப்போனால் எலும்புச் சுவர் திறந்த வெளியில் நிற்கும். அதற்கு ட்ரை சாக்கெட், அதாவது உலர்குழி என்று பெயர். அமெரிக்கப் பல் மருத்துவர் கிராஃபோர்டு 1896-ல் இட்ட பெயர் அது. பல் எடுத்த அன்று இருந்த வலி மறுநாள் குறையும். இரண்டாவது, மூன்றாவது நாளில் திடீரென்று கூடி, காதுவரை, நெற்றிப்பொட்டுவரை விண்விண்ணென்று தெறிக்கும். வாயில் துர்நாற்றம் வரும். பொதுவாகப் பல் எடுப்பவர்களில் 1 முதல் 5 சதவீதம் பேருக்கு வரும் இந்தத் தொல்லை, கீழ்த் தாடை ஞானப்பல் என்றால் சில கணக்குகளில் 30 சதவீதம்வரை போகிறது.

கட்டி எப்படிக் கெடுகிறது? ஏதோ ஒன்று இடித்து அதைப் பெயர்த்துவிடுகிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். அது பாதிக் கதை. 1970-களில் டென்மார்க்கைச் சேர்ந்த பிர்ன் என்ற ஆய்வாளர் மறுபாதியைச் சொன்னார். கட்டியைப் பின்னும் ஏற்பாடு போலவே அதைக் கரைக்கும் ஏற்பாடும் உடலில் இருக்கிறது. பிளாஸ்மின் என்ற நொதி ஃபைப்ரின் இழைகளை அறுக்கும். பல்லை எடுக்கும்போது எலும்பு அதிகம் அடிபட்டாலோ, கிருமிகள் பெருகினாலோ, பிளாஸ்மின் முன்கூட்டியே கிளம்பி, புதுத்திசு வந்து சேர்வதற்குள் கட்டியைக் கரைத்துவிடுகிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு உலர்குழி கூடுதலாக வருவதற்கும், ஈஸ்ட்ரோஜன் இந்தக் கரைப்பு வேலையைத் தூண்டுவதே காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே எல்லாம் ஒழுங்காகச் செய்தவருக்கும் உலர்குழி வரலாம். "நேத்து ஒரு வாய் முறுக்கு தின்னேனே, அதனாலதான்" என்று தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில் ஸ்ட்ரா விவகாரத்தைப் பார்க்கலாம். உறிஞ்சும்போது வாய்க்குள் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் கட்டி பெயரலாம் என்பது தர்க்கம். ஸ்ட்ராவை மட்டும் தனியாகச் சோதித்த வலுவான சான்று அதிகம் இல்லை. ஆனாலும் டம்ளரில் குடிப்பதில் என்ன நட்டம்? இளநீர்க் கடையில் "ஸ்ட்ரா வேணாம்ணே, பாத்திரத்துல ஊத்திக் குடுங்க" என்றால் முடிந்தது. அதற்காக நம் வழக்கப்படி அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவும் வேண்டாம். நாக்கும் கன்னமும் மரத்திருக்கும்போது புரையேறும். உதட்டில் வைத்து மெல்லச் சப்பிக் குடிப்பதே சரி. புகையைப் பற்றி இப்படி இரண்டு பக்கமும் பேச இடமில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு உலர்குழி பல மடங்கு கூடுதலாக வருகிறது என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொல்கிறது. நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. சூட்டுப் புகை காயத்தில் படுகிறது. உறிஞ்சும் இழுப்பு வேறு. வெற்றிலை பாக்கும் அதே வகையில் சேர்த்திதான். பாக்குத்தூள் குழிக்குள் இறங்கும், சுண்ணாம்பு பச்சைப்புண்ணைப் பொசுக்கும், புகையிலை சேர்ந்தால் நிகோட்டினும் உண்டு.

சரி, முதல் சாப்பாடு எப்போது, என்ன? இதில் ஒரு சின்ன இக்கட்டு இருக்கிறது. மரத்துப்போக ஊசியில் போடுவது பெரும்பாலும் லிக்னோகெயின். 1943-ல் ஸ்வீடனில் லோஃப்கிரென் உருவாக்கிய மருந்து. கூடவே கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும். அது குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்திவைக்கும், ரத்தப்போக்கையும் குறைக்கும். கீழ்த் தாடைக்கு ஊசி போட்டால் அந்தப் பக்கத்து உதடு பல மணி நேரம் மரக்கட்டை மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் மென்றால் சொந்தக் கன்னத்தையே கடித்துக் குதறலாம். காப்பி கொதிக்கிறதா ஆறியிருக்கிறதா என்று உதட்டுக்குத் தெரியாது. அட்ரினலின் தீர்ந்ததும் குழாய்கள் மறுபடி விரியும். அப்போது சூடான எதுவும் உள்ளே போனால் நின்ற ரத்தம் திரும்பக் கசியும். இதெல்லாம் பொறுத்திருக்கச் சொல்கிறது. ஆனால் வலி மாத்திரையை மரப்பு முழுக்க விடுவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. வலி ஏறிய பின் அடக்குவது சிரமம். இபுப்ரொஃபென் போன்ற மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு எரியும்.

இதற்குத் தீர்வு, மெல்லவே வேண்டாத, ஆறிய ஏதோ ஒன்று. பஞ்சை எடுத்த பிறகு ஒரு கிண்ணம் கெட்டித் தயிரைச் சர்க்கரை போட்டுக் குழைத்து, சிறு ஸ்பூனால் மறுபக்கம் வைத்து விழுங்கலாம். காய்ச்சி ஆறவைத்த பால், ஆறிய ராகிக் கூழ், ஐஸ்கிரீம் எதுவானாலும் சரி. ஐஸ்கிரீமில் முந்திரி, பிஸ்தா, கோன் பிஸ்கெட் மட்டும் கூடாது. சாப்பிட்டதும் மாத்திரை. தயிர் குளிர்ச்சி, ஆகாது என்ற பேச்சை இந்த இடத்தில் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். குளிர்ச்சிதான் இன்றைக்குத் தேவை.

மறுநாள் முதல் சாப்பாடு கொஞ்சம் சாப்பாடு மாதிரி ஆகலாம். குழைய வடித்த சாதத்தில் தயிர் விட்டுப் பிசைந்து, தாளித்துக் கொட்டித் தருவார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். கடுகு ஒன்றின் குறுக்களவு ஒன்று இரண்டு மில்லிமீட்டர். வழவழப்பான உருண்டை. குழியின் வாயோ அதைப்போல் ஐந்தாறு மடங்கு. நாக்கு தயிர்சாதத்தைப் பின்னால் தள்ளும்போது கடுகு உருண்டு, குழியின் ஓரத்துக்கும் கட்டிக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒன்றும் குடி முழுகாது. ஆனால் நாக்கு சும்மா இருக்காது. நாள் முழுக்க அந்த இடத்தைத் துழாவும். பிறகு விரல் போகும், குச்சி போகும். கடுகு செய்யாத கெடுதலைக் குச்சி செய்யும். ஒரு வாரத்துக்குத் தாளிப்பில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் எதுவும் வேண்டாம். பெருங்காயத்தை மோரில் கரைத்து ஊற்றினாலே வாசனை வந்துவிடும். இதே கணக்கில் எள்ளுப்பொடி, ரவை உப்புமா, கொய்யா, பொரி எல்லாவற்றையும் நீங்களே கழித்துக்கொள்ளலாம். வெண்பொங்கல் அருமையான உணவு. மிளகும் சீரகமும் முழுசாகப் போடாமல் செய்தால் மட்டும்.

காரத்துக்குத் தனிக் காரணம் உண்டு. மிளகாயில் உள்ள கேப்சைசினை நம் நரம்புகள் எந்த ஏற்பி வழியாக உணர்கின்றன என்பதை 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடித்தது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டிஆர்பிவி1 என்ற அந்த ஏற்பி, சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்வதற்கானது. நரம்பைப் பொறுத்தவரை காரமும் கொதிசூடும் ஒரே செய்திதான். அந்தச் செய்தி போனதும் அங்குள்ள குழாய்கள் விரிகின்றன, எச்சில் பெருகுகிறது. மூடியிருக்கும் தோலிலேயே இது நடக்கிறது என்றால், திறந்த குழியில் காரக்குழம்பு பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரசம் பிடித்தவர்கள் மிளகு குறைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆற்றிச் சாதத்தில் கரைத்துக்கொள்ளலாம்.

இனி வீட்டுப் பட்டியலுக்கு வருவோம். பருப்பு சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்பது நம் ஊரில் படித்தவர்களும் விடாத நம்பிக்கை. சீழ் என்பது கிருமிகளோடு சண்டையிட்டுச் செத்த வெள்ளையணுக்கள், கிருமிகள், சிதைந்த திசு இவற்றின் கலவை. பருப்பு அதில் எங்கும் இல்லை. இந்த நம்பிக்கைக்குத் தீனி போடும் காட்சி ஒன்று மூன்றாம் நாள் வாக்கில் வாயிலேயே தெரியும். கருஞ்சிவப்பாக இருந்த கட்டியின் மேல் வெளுத்த, லேசான மஞ்சள் படலம் படரும். "பாத்தியா, சீழ் கோத்துடுச்சு" என்பார்கள். அது பெரும்பாலும் ஃபைப்ரின். குழி ஆறிவருகிறது என்பதன் அடையாளம். நாற்றமும் காய்ச்சலும் கூடிவரும் வலியும் இல்லாதவரை அதைத் தொடவே கூடாது.

பருப்பை ஒதுக்குவதால் நட்டம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். ஐசிஎம்ஆர் கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். காயம் ஆறும் நேரத்தில் அதற்குக் குறையக் கூடாது. மூன்று வேளை அரிசிக் கஞ்சி, வேளைக்கு 40 கிராம் அரிசி என்று வைத்தால் கிடைப்பது மொத்தம் 9 கிராம்தான். அதோடு இரண்டு டம்ளர் பால் சேர்த்தால் 13 கிராம் கூடும். 50 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து நெய்விட்டுச் சாதத்தில் பிசைந்தால் 12 கிராம். இரண்டு முட்டையை மிருதுவாகப் பொரித்தால் இன்னொரு 12 கிராம். ஒரு கிண்ணம் தயிருக்கு 6 கிராம். ஐம்பதைத் தாண்டிவிட்டோம். இதில் எதையும் கடிக்க வேண்டியதில்லை. முட்டை சாப்பிடாதவர்கள் பருப்பைக் கூட்டிக்கொள்ளலாம், பனீரை மசித்துக்கொள்ளலாம். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்தால் பருப்பும் அதில் வந்துவிடுகிறது. இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் நன்றாக ஊறவிட்டால் விழுங்குவது சுலபம். புரதத்துக்கு மட்டும் அதை நம்பக் கூடாது.

புரதத்துக்கு அடுத்து எல்லாரும் கேட்பது விட்டமின் சி. குழிக்குள் வரும் புதுத்திசுவின் நார் கொலாஜன். அதன் இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்ள விட்டமின் சி கட்டாயம் வேண்டும். ஆகவே முதல் நாளே எலுமிச்சைச் சாறும் ஆரஞ்சும் குடிக்கக் கிளம்புவார்கள். புளிப்பு புண்ணில் பட்டு எரியும்போதுதான் தெரியும். இதற்கு அவ்வளவு அவசரம் இல்லை என்பதைத் தன் உடம்பிலேயே நிரூபித்தவர் ஜான் கிராண்டன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். 1939-ல் அவர் காய், கனி, பால் எதுவுமில்லாத, விட்டமின் சி துளிகூட இல்லாத உணவுக்கு மாறினார். மற்ற விட்டமின்களை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் ஆனதும் தன் முதுகில் வேண்டுமென்றே ஒரு கீறல் போடச் செய்தார். அது வழக்கம்போல ஆறியது. ஆறு மாதம் ஆனதும் மறுபடி ஒரு கீறல். இந்த முறை தோல் மேலே மூடியதே தவிர, உள்ளே ஆறவே இல்லை. தினமும் விட்டமின் சி ஊசி போட ஆரம்பித்த பிறகு காயம் பத்து நாளில் ஆறியது. துணிச்சலான சோதனை; இன்று எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதிக்காது. நல்ல சாப்பாடு சாப்பிட்டு வந்தவருக்கு உடலில் மாதக்கணக்கான கையிருப்பு உண்டு என்பது அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் சேதி. நான்கைந்து நாள் எலுமிச்சையைத் தொடாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. பப்பாளியை மசித்துச் சாப்பிட்டால் புளிப்பும் இல்லை, விட்டமினும் வந்துவிடும்.

இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். தாடைத் தசை இறுகி வாய் திறக்காது. சாதாரணமாக மூன்று விரலை அடுக்கி நுழைக்கலாம். இப்போது ஒன்று நுழைவதே பாடு. இது பலரைப் பயமுறுத்திப் பட்டினி போடவைக்கிறது. பெரிய கரண்டியை வைத்துவிட்டு, குழந்தைகளுக்கு ஊட்டும் சின்ன ஸ்பூனை எடுத்துக்கொண்டால் போதும். சர்க்கரை நோயாளிகள் இந்த நாட்களில் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். இன்சுலினையோ மாத்திரையையோ வழக்கம்போல் எடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். சாப்பாடு குறையும் என்றால் மருந்தளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் மது அறவே கூடாது.

ஒரு நாள் கழிந்ததும், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். கடகடவென்று கொப்பளிக்கக் கூடாது. தலையை இரண்டு பக்கமும் சாய்த்து, வாயைத் திறந்து தண்ணீரைத் தானாக விழவிட வேண்டும். வாய்ப்புண் மற்ற இடத்துப் புண்ணைவிட வேகமாக ஆறும் என்பது ஆறுதல். எச்சிலில் உள்ள ஹிஸ்டாட்டின் என்ற சிறு புரதங்கள் செல்களை நகர்த்திக் காயத்தை மூட உதவுவதை 2008-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஒரு வாரம் ஆனபின் மறுபக்கத்தில் தோசை, வெந்த காய், முள் நீக்கிய மீன் என்று மெல்ல ஆரம்பிக்கலாம். முறுக்கும் சீடையும் இன்னும் சில வாரம் டப்பாவிலேயே இருக்கட்டும். மென்மையான உணவிலேயே தங்கிவிடவும் வேண்டாம். டேனியல் லீபர்மேன் குழு 2004-ல், ஹைராக்ஸ் என்ற சிறு பாலூட்டிகளில் ஒரு கூட்டத்துக்கு வேகவைத்த மெது உணவையும் இன்னொரு கூட்டத்துக்குப் பச்சையாக உலர்ந்த கடின உணவையும் கொடுத்து வளர்த்தது. மெது உணவு தின்றவற்றின் முகம், மெல்லும் எலும்புப் பகுதியில் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவாக வளர்ந்திருந்தது. ஞானப்பல்லுக்கு நம் தாடையில் இடமில்லாமல் போனதற்கும் சமைத்த மெது உணவு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைப்பது இதனால்தான். வளர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கடந்துவிட்டது. வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குக் கரும்பையும் கடலையையும் கடிக்கக் கொடுப்பதில் தவறில்லை.

கடைசியாக ஒன்று. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அரை மணி நேரம் பஞ்சை அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, வீக்கம் கழுத்துக்கு இறங்கி விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ காத்திருக்க வேண்டாம். மூச்சுத்திணறல் என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வலி காதுக்குத் தெறிக்கும்போது அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கிராம்பு நினைவுக்கு வரும். பல் மருத்துவரும் உலர்குழியைக் கழுவிவிட்டு, கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜெனால் கலந்த மருந்தைத்தான் பெரும்பாலும் வைப்பார். ஆனால் அது அளந்து கலந்தது. கடையில் வாங்கிய கிராம்பு எண்ணெயை அப்படியே குழிக்குள் விட்டால் திசு வெந்துபோகும். பஞ்சு வைத்து அனுப்பிய அன்று மருத்துவர் கொடுத்த தாளின் மேல் ஒரு தொலைபேசி எண் இருக்கும். முதலில் அதைக் கூப்பிடுங்கள்.